சின்னக் கடையில் துணி எடுப்பது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். நேயர் ஒருவர் அனுப்பியது. "எப்போது பார்த்தாலும் தனிக் கடைகளுக்குப் போங்கள் என்கிறீர்கள். பெரிய கடையில் அளவு அட்டை இருக்கிறது, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சின்னக் கடையில் முதலாளி எதிரிலேயே நிற்கிறார். நாலு சட்டையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு எடுக்காமல் வரக் கூச்சமாக இருக்கிறது. துணி நல்லதா இல்லையா என்று அங்கேயே நின்றபடி எப்படிக் கண்டுபிடிப்பது?"

துணியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். ஆனால் நடுவில் கூச்சம் என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறார் பாருங்கள், அதுதான் என்னை விடவே இல்லை. அதற்குக் கட்டாயம் வருகிறேன். முதலில் துணி.

உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நம் வழக்கமான நேயர்கள் இப்போது சிரிப்பார்கள், மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று. ஆமாம், மறுபடியும் அதேதான். வெளிப்பக்கம் உங்களுக்குக் காட்டுவதற்காகத் தைத்தது. எங்கே துணியை மிச்சம் பிடித்தார்கள், எங்கே அவசரப்பட்டார்கள் என்பதெல்லாம் உள்ளேதான் தெரியும். சட்டையைத் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழுந்திருந்தால் சரி. ஆறு ஏழுதான் என்றால் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். பேண்ட்டில் பின்பக்க நடுத்தையலைத் தாண்டி எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஓர் அங்குலம் இருந்தால் நாளைக்கு இடுப்பு பெருத்தாலும் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். ஒட்ட வெட்டியிருந்தால் எந்தத் தையல்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. கட்டம் போட்ட சட்டை என்றால் மட்டும் ஒருமுறை வெளிப்பக்கம் வாருங்கள். பாக்கெட்டில் உள்ள கட்டம் அதன் பின்னால் இருக்கும் துணியின் கட்டத்தோடு சேருகிறதா? சேர வேண்டுமென்றால் கூடுதல் துணி செலவாகும். அந்தச் செலவைச் செய்தவர் மற்ற இடங்களிலும் கொஞ்சம் கவனமாகத்தான் இருந்திருப்பார்.

டி-சர்ட்டில் வேறொரு சங்கதி. சிலது இரண்டு துவைப்பு துவைத்ததும் பக்கத் தையல் திருகிக்கொண்டு வயிற்றுக்கு முன்னால் வந்துவிடும். உடம்பு கோணலோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். அது நூலின் முறுக்கு. பின்னலாடைத் துணியில், அதிலும் மெல்லிய ஒற்றைப் பின்னலில், நூலில் அடங்கிக் கிடக்கும் முறுக்கு தண்ணீர் பட்டதும் தளர்ந்து துணியைச் சாய்த்துவிடுகிறது. கடையிலேயே இரண்டு தோளையும் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். பக்கத் தையல் இப்போதே கொஞ்சம் ஓடியிருந்தால் துவைத்த பிறகு இன்னும் ஓடும்.

அப்புறம் கஞ்சி. மொடமொடவென்று கனமாக இருக்கும் துணியை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே வைத்துக் கசக்குங்கள். வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் நீங்கள் தொட்டுப் பார்த்த கனத்தில் பாதி கஞ்சி. முதல் துவைப்போடு போய்விடும். சாயம் போகுமா என்று பார்க்க, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் உள்மடிப்பில் லேசாகத் தேய்த்தால் போதும். கேட்டுவிட்டுத் தேயுங்கள், அவருடைய சரக்கு அது. இண்டிகோ டெனிம், அதாவது நீலச் சாயம் போட்ட ஜீன்ஸ் துணி, மட்டும் இதில் எப்போதும் தோற்கும். அதைக் குறையாக எடுக்க வேண்டாம், டெனிம் வீடியோவில் காரணம் சொல்லியிருக்கிறேன்.

சுருங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. நெய்யும்போதும் சாயம் ஏற்றும்போதும் பருத்தி நூல் இழுபட்டே இருக்கிறது. நனைந்ததும் அந்த இழுப்பை விட்டுவிடுகிறது, அதைத்தான் நாம் சுருக்கம் என்கிறோம். சான்ஃபோர்ட் க்ளூயட் என்ற அமெரிக்கர், துணியை இயந்திரத்தில் கொடுத்து முன்கூட்டியே நீளவாக்கில் சுருக்கிவிடும் முறைக்கு 1930-இல் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரால்தான் சான்ஃபரைஸ் செய்த துணி என்கிறோம். அப்படிச் செய்தது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்காது. செய்யாததும் கடைகளில் வரும், அதனால் கேளுங்கள். சுருங்கும் என்று தெரிந்தால் பலரும் ஓர் அளவு பெரிதாக எடுக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நெய்த துணி பெரும்பாலும் நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். தோள் அகலம் அவ்வளவு குறையாது. கடைசியில் தோள் தொங்கிக்கொண்டு, நீளம் மட்டும் குறைந்த சட்டையாக நிற்கும்.

அளவு அட்டை இருக்கிறது என்கிறாரே, அதையும் ரொம்ப நம்ப வேண்டாம். பெண்களுக்கான ஆயத்த ஆடை அளவுகளை ஒழுங்குபடுத்துவதற்காக 1939-40-இல் அமெரிக்க அரசு ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. அந்தக் கணக்கை வைத்து 1958-இல் ஒரு தரமும் வந்தது. கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்கு அளவை நகர்த்திக்கொண்டே போனதில் 1983-இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொன்றின் எல் ஆக இருப்பதற்கு இதுதான் கதை. எனக்குப் பழக்கமான ஒரு கடைக்காரர் என்னிடம் அளவு கேட்டதே கிடையாது. நான் போட்டிருக்கும் சட்டையின் தோள் தையல் எங்கே விழுகிறது என்று ஒரு பார்வை பார்ப்பார், உள்ளே போவார், ஒன்றை எடுத்துக்கொண்டு வருவார். அதுவே சரியாக இருக்கும். அவர் பார்ப்பதும் தையலைத்தான், கவனித்தீர்களா?

சரி, கூச்சத்துக்கு வருவோம். விலையை எழுதி ஒட்டிவைப்பது, எடுக்காமலே சுற்றிப் பார்க்கலாம் என்பது, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்பது எல்லாம் காலங்காலமாக இருந்தவை அல்ல. பாரிஸில் அரிஸ்டீட் பூசிக்கோ 1852 முதல் லெ பொன் மார்ஷே என்ற கடையை வளர்த்தபோது இந்த மூன்றையும் பெரிய அளவில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவருக்கு முன்பும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்தவர்கள் உண்டு. உள்ளே வந்தவர் யாரிடமும் பேச வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். பெரிய கடை தரும் நிம்மதி அதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே நம் எதிரில் நிற்பவர் அந்தச் சட்டையைத் தேர்ந்தெடுத்தவர் இல்லை. சின்னக் கடையில் நிற்பவர் மொத்த வியாபாரியிடம் போய், கட்டைப் பிரித்து, தடவிப் பார்த்து, தன் கைக்காசைப் போட்டு எடுத்து வந்தவர். துணியைப் பற்றி அந்தக் கடையில் மிக அதிகம் தெரிந்தவர் நம் எதிரிலேயே நிற்கிறார். நாம் அவரைப் பார்த்துக் கூச்சப்படுகிறோம்!

துணியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதோடு, கடைக்காரரிடம் என்ன கேட்பது என்றும் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். கேட்காவிட்டால் என்ன, சொல்லிவிடுகிறேன். "நல்லா இருக்குமா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் உலகத்தில் உண்டு. "இந்த ரகத்தில் எது உங்களிடம் திரும்பி வந்தது?" என்று கேளுங்கள். "எதுவும் வராதுங்க, நம்பி எடுங்க" என்றால் நீங்கள் மறுபடி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான். "கறுப்பு மட்டும் வெளுக்குது, நீலம் எடுங்க" என்று சொன்னால் அந்தக் கடையை விடாதீர்கள். ஒருவர் நான் எடுத்த சட்டையையே என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் ஒட்டுத்துணி சரியில்லை, துவைத்தால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புகிறது, மிச்சத்தை வந்த இடத்துக்கே அனுப்பப் போகிறேன் என்றார். அந்தக் கோளாறு நான் உள்பக்கம் பார்த்தாலும் தெரிந்திருக்காது. துவைத்த வாடிக்கையாளர்கள் வந்து சொல்லித்தான் அவருக்கே தெரியும்.

நாலு சட்டையைப் பிரிக்க வைத்துவிட்டோமே என்ற சங்கடம் வருவது, எதற்கு வந்தோம் என்று நாம் சொல்லாததால்தான். நுழையும்போதே சொல்லிவிடுங்கள்: அரைக்கை, பருத்தி, அடர்நிறம் வேண்டாம், இன்றைக்குப் பார்க்க மட்டும்தான். அவர் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். கூட்டம் இல்லாத நேரமாகப் போங்கள். பிரித்ததை உதவி என்று நினைத்து நீங்கள் மடிக்க வேண்டாம். அவருக்கு அவர் மடிப்புதான் வேண்டும், நீங்கள் போனதும் மறுபடி பிரித்து மடிப்பார். நிறத்தில் சந்தேகம் இருந்தால் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போகலாமா என்று கேளுங்கள். கடை விளக்கில் ஒரே நிறமாகத் தெரியும் பேண்ட்டும் சட்டையும் வெயிலில் வேறு வேறாகத் தெரிவது உண்டு.

திருப்பிக் கொடுப்பது பற்றியும் கேட்டிருந்தார். பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்: மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளுக்குள், பில் மட்டும் போதுமா, அட்டையும் இருக்க வேண்டுமா? சிலர் பணமாகத் தர மாட்டார்கள், வேறு துணிதான் தருவார்கள். அப்படி என்றால் போட்டுப் பார்க்கும்போதே கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், குனிந்து நிமிருங்கள். ஜிப்பைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார், அது பெரிய கதை. அடுத்த வீடியோவில் பார்ப்போம்.