பழைய டிஸ்க்கில் கை வைக்காமல் புதிய இயங்குதளம்

[திரையில்: தூசி படிந்த கணினிப் பெட்டி, பக்கவாட்டுத் தகடு கழற்றப்படுகிறது.]

வணக்கம். மேசைமேல் இருப்பது 2013இல் எங்கள் வீட்டுக்கு வந்த கணினி. விண்டோஸ் 7 உடன் வந்தது, பிறகு விண்டோஸ் 10க்கு மாறியது. அந்த 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. அதற்குப் பிறகும் இதில் வங்கிக் கணக்கைத் திறப்பது, வாசல் கதவைத் தாழிடாமல் தூங்குவதற்குச் சமம்.

விண்டோஸ் 11 இதில் ஏறுமா? பிராசஸரின் பெயரைப் பாருங்கள்: ஐ3-3220. இதுபோன்ற மேசைக் கணினிகளில், கோட்டுக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் முதல் இலக்கம்தான் தலைமுறை. இது மூன்றாம் தலைமுறை. ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டைப் பாருங்கள்; 10100 என்றால் பத்தாம் தலைமுறை. இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11 ஏற்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. இந்தத் தடைகளைத் தாண்டி ஏற்றும் குறுக்கு வழிகள் உண்டு. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவு பாடு? அந்த வழி வேண்டாம்.

விண்டோஸுக்குப் பதிலாக நான் தேர்ந்தெடுத்த இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22. இலவசம், 2029 வரை திருத்தங்கள் வரும். டேலி போல விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பித் தொழில் நடத்துபவர்களுக்கு இது சரிப்படாது. கடிதம், இணையம், படம், பாட்டு என்று இருக்கும் வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

[திரையில்: பழைய ஹார்ட் டிஸ்க், பக்கத்தில் எஸ்எஸ்டி.]

இயங்குதளத்தைவிட முக்கியமானது இதுதான். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. ஒரு சிறு கை அதன்மேல் இங்கும் அங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கை நகர வேண்டும். ‘கணினிக்கு வயதாகிவிட்டது’ என்று நாம் சொல்லும் தாமதத்தில் பெரும்பகுதி அந்தக் கையினுடையது. எஸ்எஸ்டி என்பது தகவலைச் சில்லுகளில் வைக்கும் டிஸ்க்; அதில் அசையும் பாகமே இல்லை.

ஆகவே பழைய டிஸ்க்கை அழித்து அதிலேயே நிறுவாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து அதைக் கழற்றுங்கள். கேபிளின் வாயில் ‘ட’ எழுத்தைப் போல ஒரு வளைவு இருக்கும், அதனால் தலைகீழாகச் செருக முடியாது. அந்த இடத்தில் எஸ்எஸ்டியை மாட்டுங்கள். நிறுவும்போது ‘டிஸ்க்கை அழிக்கவா?’ என்று கேட்கும். பழைய டிஸ்க் உள்ளே இல்லாததால் எதை அழுத்தினாலும் பழைய புகைப்படம் ஒன்றுகூடப் போகாது. பதினைந்து வருடப் படங்களை ஒரே சொடுக்கில் இழந்த ஒருவரின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெட்டி திறந்திருக்கும்போதே இன்னும் இரண்டு வேலை. காலி ராம் இடத்தில் டிடிஆர்3 வகையில் ஒரு 4 ஜிபி ராம் சேருங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழையதாகவே கிடைக்கும். அடுத்து, மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி, 3 வோல்ட், சிஆர்2032. அதை மாற்றிவிடுங்கள். இது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரௌசர் மறுக்கும். இணையம் கெட்டுவிட்டது என்று நினைத்து அலைவார்கள், குற்றவாளி அந்தச் சிறு வில்லை.

நிறுவுவதில் பெரிய வித்தை இல்லை. மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை இன்னொரு கணினியில் பதிவிறக்கி, கணினி அதிலிருந்தே தொடங்கும்படி பென்டிரைவில் எழுதுங்கள். கணினி தொடங்கும்போது எஃப்12 அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். சில கணினிகளில் விசை வேறாக இருக்கும். முதலில் நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்தால் நிறுவலாம்.

[திரையில்: புரியாத ஆங்கில எழுத்துகள் நிறைந்த ஒரு கடிதம்.]

இது அப்பா தட்டச்சு செய்த கடிதம். பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேபிளில் இணைத்துத் திறந்தேன், இப்படி வந்தது. கோப்பு கெடவில்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவுவதற்கு முன் பலர் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். அந்தக் கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். பாமினியில் இது ‘அம்மா’.

பழைய டிஸ்க்கின் விண்டோஸ் கோப்புறைக்குள் ‘ஃபாண்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். பாமினியை அங்கிருந்து எடுத்து மின்ட்டில் நிறுவினேன். கடிதத்தைத் திறந்திருந்த லிப்ரே ஆபீஸ் மென்பொருளை மூடித் திறந்தேன்.

[திரையில்: அதே கடிதம், தமிழில். முதல் வரி: ‘அன்புள்ள அம்மாவுக்கு’.]