ஜூனிலேயே முடிந்துபோன நவம்பர் தேர்தல்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

2016 அக்டோபரில் நான் கலிஃபோர்னியாவில், சன்னிவேல் என்ற ஊரில், மகள் வீட்டில் இருந்தேன். ஒருநாள் காலை சாப்பாட்டு மேசைமேல் தடியாக ஒரு புத்தகம் கிடந்தது. புரட்டிப் பார்த்தேன், 224 பக்கம். "ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி படிக்கச் சொல்லி கவர்மெண்ட் அனுப்பியிருக்குப்பா" என்றாள் மகள். அந்த ஆண்டு 17 சட்ட முன்மொழிவுகளுக்கு அந்த மாநில மக்கள் ஆம், இல்லை என்று நேரடியாக ஓட்டுப் போட வேண்டியிருந்தது. அவற்றின் விளக்கம்தான் அத்தனை பக்கமும்.

பக்கத்திலேயே அவளுக்குத் தபாலில் வந்த வாக்குச் சீட்டும் இருந்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் குடிமையியல் நடத்தியவன் நான். அதை எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? அமெரிக்க செனட் உறுப்பினர் என்ற தலைப்பின் கீழே இரண்டே பெயர்கள். கமலா ஹாரிஸ், லொரெட்டா சான்செஸ். இரண்டு பெயருக்குக் கீழேயும் ஜனநாயகக் கட்சி என்றுதான் போட்டிருந்தது. "இன்னொரு கட்சி எங்கேம்மா? குடியரசுக் கட்சி நிக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"அவங்க ஜூன்லயே போயாச்சுப்பா" என்றாள்.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

செனட் என்றால் நம்மில் பலருக்கும் மாநிலங்களவை நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அது சரியான ஒப்பீடுதான். அங்கேயும் மாநிலச் சட்டமன்றங்கள்தான் செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தன. 1913இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையை மக்கள் கையில் கொடுத்தார்கள். அதிலிருந்து மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. கலிஃபோர்னியாவில் 58 மாவட்டங்கள், ஏறத்தாழ 4 கோடி மக்கள். வடக்கே காட்டு ஓரத்தில் மரம் வெட்டுகிறவரும், தெற்கே மெக்சிகோ எல்லையில் தோட்டவேலை செய்கிறவரும் ஒரே ஆளுக்காக ஓட்டுப் போடுகிறார்கள். வேட்பாளர் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டு முடிகிற காரியமா அது? லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, சான் டியேகோ, சாக்ரமெண்டோ, ஃபிரெஸ்னோ என்று ஒவ்வொரு வட்டாரத்துத் தொலைக்காட்சியிலும் காசு கொட்டி முகம் காட்டியாக வேண்டும்.

பதவியில் இருக்கிறவரை அங்கே அசைப்பது கடினம். பார்பரா பாக்ஸர் 1992இல் ஜெயித்தார், 24 ஆண்டுகள் இருந்தார். அதே 1992இல் மாநிலத்தின் இன்னொரு செனட் இடத்தில் ஜெயித்த டயான் ஃபைன்ஸ்டைன் 2023இல் காலமாகும் நாள்வரை செனட்டராகவே இருந்தார். ஆக, உட்கார்ந்திருப்பவர் எழுந்தால்தான் உண்டு. அந்தக் கதவு திறப்பது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை.

2015 ஜனவரி 8ஆம் தேதி, அடுத்த முறை நிற்கப்போவதில்லை என்று பாக்ஸர் அறிவித்தார். தேர்தலுக்கு இன்னும் இருபத்திரண்டு மாதம் இருந்தது. ஆனால் முதல் சுற்று அந்த வாரத்திலேயே முடிந்துவிட்டது என்பேன். அன்று துணை ஆளுநராக இருந்தவர் கேவின் நியூசம், மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் கமலா ஹாரிஸ். இருவரும் சான் ஃபிரான்சிஸ்கோ அரசியலில் வளர்ந்தவர்கள், ஒரே வட்டத்து ஆதரவாளர்களை நம்பியிருந்தவர்கள். மோதினால் இருவருக்கும் நஷ்டம். ஜனவரி 12ஆம் தேதி நியூசம் தான் நிற்கவில்லை என்றார். மறுநாள் ஹாரிஸ் களத்தில் இறங்கினார். நியூசம் 2018இல் ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார், அங்கே அது நம் முதலமைச்சர் போன்ற பதவி. லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர் அந்தோனியோ வில்லராய்கோசாவும் யோசித்துப் பார்த்துவிட்டு பிப்ரவரியில் விலகிக்கொண்டார். மக்கள் யாரும் அதுவரை ஒரு ஓட்டுக்கூடப் போடவில்லை.

கமலா ஹாரிஸ் பெயரைச் சொன்னதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வாஞ்சை வரும். அவருடைய தாய் சியாமளா கோபாலன் பத்தொன்பது வயதில் பெர்க்லிக்குப் படிக்கப் போனவர், மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர். தாய்வழித் தாத்தாவின் ஊர் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். 2010இல் ஹாரிஸ் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்றபோது, சென்னையில் இருந்த சித்தியிடம் சொல்லி பெசன்ட் நகர் வரசித்தி விநாயகர் கோயிலில் 108 தேங்காய் உடைக்கச் செய்தார் என்பது பத்திரிகைகளில் வந்த செய்தி. அந்தத் தேர்தலில் எதிராளி ஸ்டீவ் கூலி, ஓட்டு எண்ணத் தொடங்கிய இரவே தான் ஜெயித்துவிட்டதாகச் சொன்னார். தபால் ஓட்டுகளை வாரக்கணக்கில் எண்ணி முடித்தபோது, முக்கால் லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஹாரிஸ் வென்றிருந்தார். மாநிலம் முழுவதும் பதிவான தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் முக்கால் லட்சம்! சியாமளா அதைப் பார்க்கவில்லை. 2009இலேயே அவர் மறைந்துவிட்டார். மாநிலம் முழுக்க ஒரு தொகுதி என்றால் என்ன என்பதை ஹாரிஸ் கற்றுக்கொண்டது அந்த மூன்று வாரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

எதிரில் நின்ற லொரெட்டா சான்செஸையும் குறைத்து எடைபோடக் கூடாது. குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த ஆரஞ்சு கவுண்டியில், 1996இல், பல முறை ஜெயித்த பாப் டோர்னனை ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்கடித்து, நம் மக்களவை போன்ற கீழவைக்குள் போனவர். 2002இல் இராக் போருக்கு எதிராக வாக்களித்தவர். இந்த ஒரு நாற்காலிக்காக, இருபது ஆண்டு வகித்த கீழவை இடத்தை விட்டுவிட்டு வந்தார். தோற்றால் திரும்பிப் போக இடம் கிடையாது. அக்டோபரில் நடந்த விவாதத்தை நானும் மகளும் பார்த்தோம். முடிவுரையில் அவர் கையை மடக்கி ஒரு நடன அசைவு காட்டினார். மறுநாள் செய்திகளில் அதுதான் ஓடியது. அவ்வளவு நேரம் பேசிய பேச்சு எதுவும் யார் காதிலும் நிற்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

இனி, ஜூனுக்கு வருகிறேன்.

முன்பெல்லாம் ஒவ்வொரு கட்சியும் தனித்தனியே முதல்நிலைத் தேர்தல் நடத்தித் தன் வேட்பாளரைப் பொறுக்கும். 2010 ஜூனில் கலிஃபோர்னிய வாக்காளர்கள் 14ஆம் முன்மொழிவு என்ற ஒன்றை ஏற்றார்கள். அதன்படி எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே சீட்டில் நிற்பார்கள். யார் வேண்டுமானாலும் யாருக்கும் ஓட்டுப் போடலாம். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் மட்டும், எந்தக் கட்சியானாலும், நவம்பருக்குப் போவார்கள். தீவிரம் குறையும், நடுவில் நிற்பவர்களுக்கு வழி கிடைக்கும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான்.

2016 ஜூன் 7 அன்று அந்தச் சீட்டில் 34 பெயர்கள். ஜனநாயகக் கட்சியினர் ஏழு பேர், குடியரசுக் கட்சியினர் பன்னிரண்டு பேர், மற்றவர்கள் பதினைந்து பேர். ஹாரிஸுக்குக் கிட்டத்தட்ட 40 சதவீதம், சான்செஸுக்கு 19. குடியரசுக் கட்சியில் முந்தி வந்த டஃப் சண்ட்ஹைமுக்கு 8 சதவீதம்கூட முழுதாக இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேர் வாங்கியதையும் கூட்டிப் பாருங்கள், சான்செஸ் வாங்கியதைத் தாண்டிப் போகிறது. ஓட்டு இல்லாமல் போகவில்லை, சிதறிப் போனது. பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் ஒதுங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். ஒதுங்கச் சொல்லும் அதிகாரம் அந்தக் கட்சித் தலைமைக்கு இல்லை. செனட்டுக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போடத் தொடங்கிய காலம் முதல், கலிஃபோர்னியாவில் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர்கூட இறுதிச் சீட்டில் இல்லாத முதல் தேர்தல் அது.

நவம்பரில் ஹாரிஸ் 61.6 சதவீதம் வாங்கி எளிதாக ஜெயித்தார். எல்லோரும் எழுதியது அந்த எண்ணைப் பற்றி. நான் நெடுநாள் யோசித்துக்கொண்டிருந்தது வேறோர் எண்ணைப் பற்றி. அன்று கலிஃபோர்னியாவில் அதிபர் பதவிக்கு விழுந்த ஓட்டு 1 கோடியே 41 லட்சத்துக்கு மேல். அதே சீட்டில், சற்றுக் கீழே, செனட்டுக்கு விழுந்தது 1 கோடியே 22 லட்சம். நடுவில் 19 லட்சம் பேர் அந்தக் கட்டத்தைத் தொடாமலே விட்டிருக்கிறார்கள்.

அப்படி விட்டவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். மகளின் பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வுபெற்றவர். காலை நடையில் என்னோடு வருவார். "எங்கள் ஆள் ஒருவரும் இல்லை, எனக்குப் பேச்சே இல்லாதபோது நான் எதற்குக் குறியிட வேண்டும்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஓய்ந்துபோன குரலில் சொன்னார். நம் ஊரில் 2013 முதல் நோட்டா இருக்கிறது, பிடிக்கவில்லை என்பதையாவது எண்ணிக்கையில் காட்டலாம். அங்கே அது இல்லை. சீட்டில் இல்லாத பெயரைக் கையால் எழுதிப் போடும் பழைய வழியையும் இந்தப் புதிய முறை செனட் போன்ற பதவிகளுக்கு நவம்பரில் அடைத்துவிட்டது. "ஜூனில் போட்டீர்களா?" என்று கேட்டேன். சற்று நடந்துவிட்டு, "இல்லை" என்றார். அந்த ஜூனில் வந்த ஓட்டு 85 லட்சம், நவம்பரில் 1 கோடியே 46 லட்சம். அறுபது லட்சம் பேர், சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகு பந்திக்கு வந்தவர்கள்.

அவரிடம் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தேன்? தேர்தல் என்றால் நவம்பர் என்று. முதல்நிலைத் தேர்தலுக்கு என் பாடக்குறிப்பில் ஒரே ஒரு வரி.

எட்டு ஆண்டு கழித்து ஃபைன்ஸ்டைனின் இடம் திறந்தது. அவர் வாய் திறந்து விலகல் சொல்லும் முன்பே, 2023 ஜனவரியிலேயே, கேட்டி போர்ட்டரும் ஆடம் ஷிஃபும் தாங்கள் நிற்பதாக அறிவித்துவிட்டார்கள். பிறகு பார்பரா லீ வந்தார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், அதிபருக்குப் போர் அதிகாரம் கொடுப்பதை எதிர்த்து நாடாளுமன்றம் முழுவதிலும் ஒற்றை ஆளாய் வாக்களித்தவர் அவர். மூவரும் ஜனநாயகக் கட்சியினர், கீழவை இடத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். குடியரசுக் கட்சியில் ஸ்டீவ் கார்வி, பழைய பேஸ்பால் வீரர்.

இந்த முறை ஷிஃப் தரப்பு விளம்பரங்கள் திரும்பத் திரும்பக் கார்வியின் பெயரைச் சொல்லின. கார்வி மிகவும் பழமைவாதி, டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர் என்று. கேட்கத் தாக்குதல் போல் இருக்கும். ஆனால் அதைக் கேட்கும் குடியரசுக் கட்சி வாக்காளர் 'அப்படியானால் இவர் நம் ஆள்' என்று அவர் பக்கம் திரளுவார், போர்ட்டர் மூன்றாம் இடத்துக்குப் போவார். அப்படியேதான் நடந்தது. மார்ச்சில் ஷிஃபுக்கும் கார்விக்கும் ஆளுக்கு முப்பத்தொன்றரை சதவீதத்தை ஒட்டி, போர்ட்டருக்கு 15, லீக்கு 10க்குள். நவம்பரில் ஷிஃப் 59க்கு 41 என்று எளிதாக ஜெயித்தார். 2016இல் ஒரு கட்சி சீட்டிலேயே இல்லை. 2024இல் அந்தக் கட்சி சீட்டில் இருந்தது, ஆனால் போட்டி இல்லை. இரண்டு முறையும் தீர்மானித்தவர்கள் முதல் சுற்றுக்கு வந்தவர்கள். 2024 மார்ச்சில் வந்தவர்கள் 77 லட்சம் பேர், பதிவு செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி.

இரண்டு என்ற எண் மிகவும் குறைவு என்பது என் கருத்து. அலாஸ்காவில் நாலு பேரை இறுதிக்கு அனுப்புகிறார்கள். வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை போடலாம். 49 ஆண்டு கீழவையில் இருந்த டான் யங் 2022இல் காலமானபோது, மாநிலம் முழுவதற்குமான அந்த ஒரே இடத்துக்கு 48 பேர் நின்றார்கள். இறுதியில் ஜெயித்தவர் மேரி பெல்ட்டோலா, அலாஸ்காவின் பூர்வகுடிகளிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் ஆள். தோற்ற வேட்பாளரின் ஓட்டும் அங்கே வீணாவதில்லை, அடுத்த விருப்பத்துக்குப் போகிறது. அந்த முறையை ஒழிக்க 2024இல் முயன்றார்கள், சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் அது தப்பியது. என் பக்கத்து வீட்டு நண்பருக்கு அப்படியொரு சீட்டு கிடைத்திருந்தால் கட்டத்தைக் காலியாக விட்டிருக்க மாட்டார்.

2024 மார்ச்சில் மகள் தொலைபேசியில் பேசினாள். செனட்டுக்கு ஒரே சீட்டில் இரண்டு இடத்தில் ஓட்டுப் போட்டாளாம், ஃபைன்ஸ்டைன் விட்டுப்போன மிச்ச நாளுக்கு ஒன்று, அடுத்த ஆறு வருஷத்துக்கு ஒன்று. பேசி முடிக்கும்போது சொன்னாள்: "பக்கத்து வீட்டு அங்கிள் உங்களை விசாரிச்சாருப்பா. இந்தத் தடவை மார்ச்லயே போட்டுட்டாராம். உங்ககிட்ட கண்டிப்பா சொல்லச் சொன்னார்."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வணக்கம்.