பஸ் வராத வீட்டுக்குப் பூட்டு எதற்கு?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, வணக்கம்.

அரசு நிதியில் முதல் பங்கு மலிவு விலை வீடுகளுக்கா, போக்குவரத்துக்கா? இதுதான் தலைப்பு. போக்குவரத்துக்கே என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் ஒழுகும் கூரையைப் பற்றிச் சொல்லி முன்வரிசையில் இரண்டு பேரை அழ வைத்துவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அவர் கடைசிவரை ஒன்றைச் சொல்லவே இல்லை. அந்தப் புது வீட்டை எங்கே கட்டப் போகிறார்?

ஏனென்றால், அரசு மலிவாக வீடு கட்ட வேண்டுமென்றால் மலிவாக நிலம் வேண்டும். மலிவான நிலம் எங்கே கிடைக்கும்? பஸ் போகாத இடத்தில்தான்.

மெக்சிகோவில் நடந்ததைப் பாருங்கள். 2000-க்குப் பிறகு அங்கே இன்ஃபோனாவிட் என்ற தொழிலாளர் வீட்டு நிதியம் லட்சக்கணக்கானவர்களுக்கு வீட்டுக் கடன் கொடுத்தது. தவணையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். பில்டர்கள் நகரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி நிலம் வாங்கி, வரிசை வரிசையாக ஒரே அச்சில் குட்டி வீடுகளைக் கட்டித் தள்ளினார்கள். குடி போனவர்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது, வேலைக்குப் போய் வருவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது, பஸ் காசுக்கே சம்பளம் கரைகிறது என்று. பலர் பூட்டிவிட்டுப் போனார்கள். ஆள் போன வீட்டில் ஜன்னல் சட்டம் போயிற்று, குழாய் போயிற்று, சுவருக்குள் இருந்த ஒயரைக்கூட உருவிக்கொண்டு போனார்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. அத்தனையும் இந்தத் திட்டத்து வீடுகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூரமும் போக்குவரத்தும் அதற்கு முக்கியமான காரணங்களில் சேரும்.

சரி, சிங்கப்பூருக்கு வருகிறேன். எதிரணியின் துருப்புச் சீட்டு அதுதானே! "1960-ல் வீட்டு வாரியம், 1987-ல்தான் மெட்ரோ ரயில், ஆகவே வீடுதான் முதலில்" என்றார் தோழர். வருடங்கள் சரி. நடுவில் விட்டுப்போனதை நான் சொல்கிறேன். 1966-ல் நில எடுப்புச் சட்டம் வந்ததால் வேண்டிய இடத்தில் நிலம் அரசின் கைக்கு வந்தது. புது நகரங்களுக்குள்ளேயே தொழிற்கூடங்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். 1973-ல் தனியார் பஸ் கம்பெனிகளை இணைத்து ஒரே நிறுவனமாக்கினார்கள். ரயில் இல்லையே தவிர, வேலைக்குப் போக வழி இருந்தது. தோழர் ரயிலை மட்டும் தேடிவிட்டு பஸ்ஸைப் பார்க்காமல் வந்துவிட்டார்!

நடுவர் அவர்களே, "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். "ரயில் பாதை போட்டுப் பார்" என்று யாராவது சொன்னார்களா? வீடு என்பது ஒரு குடும்பம் கஷ்டப்பட்டாவது கட்டிக்கொள்கிற காரியம். இன்றைக்கு ஓர் அறை, கையில் காசு வந்தால் மேலே இன்னொன்று. ஆனால் எவ்வளவு பாடுபட்டாலும் ஒரு குடும்பம் தனக்கென்று ஒரு பஸ் தடத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. அது ஊர் கூடி இழுக்கிற தேர். எங்கே தனி மனிதனால் முடியாதோ, அங்கேதானே பொதுப்பணம் முதலில் போக வேண்டும்?

கொலம்பியாவில் மெடெயின் நகரத்தின் மலைச்சரிவில் ஏழைகள் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. வேலையோ கீழே பள்ளத்தாக்கில். செங்குத்தான படிகளிலும் சந்துகளிலும் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். 2004-ல் அந்தச் சரிவுக்கு நகரம் கேபிள் கார் விட்டது. சுற்றுலாவுக்கு இல்லை, வேலைக்குப் போகிறவர்களுக்கு. கீழே இறங்கி, அதே டிக்கெட்டில் மெட்ரோ ரயில் ஏறலாம். அதற்கப்புறம்தான் பக்கத்திலேயே ஹுவான் போபோ ஓடைக்கரையில் இருந்த குடும்பங்களுக்கு, வெளியூருக்குத் துரத்தாமல், அந்த இடத்திலேயே நல்ல வீடு அமைத்துக் கொடுத்தார்கள். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வழி, பிறகு வீடு.

"ரயில் வந்தால் வாடகை ஏறும், ஏழையைத்தான் துரத்தும்" என்றார் தோழர். நியாயமான பயம், சிரித்து ஒதுக்க மாட்டேன். ஆனால் அந்த விலை ஏன் ஏறுகிறது? பொதுப்பணத்தில் பாதை போட்டதால். அப்படியென்றால் ஏறிய விலையில் பொதுமக்களுக்குப் பங்கு கேளுங்கள். ஹாங்காங்கில் ரயில் நிறுவனத்துக்கு நிலையத்தின் மேலும் பக்கத்திலும் கட்டடம் எழுப்பும் உரிமையை, ரயில் வருவதற்கு முந்தைய நில மதிப்பில் அரசு கொடுக்கிறது. அந்த லாபத்தில் பாதை போடுகிறார்கள். (ஹாங்காங்கில் வீட்டு விலை எங்கே நிற்கிறது என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும், அங்கே விலை விண்ணைத் தொடுவதில் அரசின் நில ஏலக் கொள்கைக்குப் பெரிய பங்கு உண்டு.) அந்த ரயில் நிறுவன லாபத்தில் ஒரு பகுதி மலிவு வீட்டுக்குப் போகட்டும் என்று சட்டம் போட்டால் முடிந்தது. ரயிலால் வீட்டுக்குப் பணம் வரும். ஊர் எல்லைக்கு வெளியே கட்டிய வீட்டால் ரயிலுக்குப் பணம் வருமா?

போக்குவரத்து என்றதும் கார்களுக்கு மேம்பாலம் கட்டுவதற்கு நான் வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். நான் கேட்பது பஸ், ரயில், நடைபாதை.

மணி அடித்துவிட்டீர்கள். அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் ஒரே ஒரு பதில் சொல்லட்டும். மெக்சிகோவில் பூட்டிவிட்டுப் போனவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அரசு இன்னும் ஆயிரம் வீடு கட்டியிருந்தால் திரும்பி வந்திருப்பார்களா, இல்லை, காலையிலும் மாலையிலும் நேரத்துக்கு பஸ் விட்டிருந்தால் வந்திருப்பார்களா?

நன்றி, வணக்கம்.