வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லையா? இதைப் பாருங்க

(காட்சி: பிராட்வே, உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள்)

வணக்கம். வியாசர்பாடியில் நாலு வீட்டில் வேலை பார்க்கும் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். கணவர் விட்டுப் போய்விட்டார், பிள்ளைகளுக்காக ஜீவனாம்சம் கேட்க வேண்டும், ஆனால் "வக்கீலுக்குக் கொடுக்கக் காசுக்கு எங்கே போவேன்" என்று நினைத்தே வருஷங்களை ஓட்டிவிட்டார். இந்த வீடியோ அவருக்காகத்தான்.

முதலில் ஒன்று: பணம் வாங்காமல் வழக்கு நடத்துவது வக்கீல் போடும் தர்மம் இல்லை. வசதியற்றவர்களுக்குத் தன் சக்திக்கு உட்பட்டு இலவசமாக உதவுவது வழக்கறிஞரின் தலையாய கடமைகளில் ஒன்று என்று வக்கீல்களுக்கு நடத்தை விதிகள் வகுக்கும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் 46-வது விதி சொல்கிறது. 1961-ம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டமும், ஏழைகளுக்குச் சட்ட உதவி ஏற்பாடு செய்வதை மாநில பார் கவுன்சிலின் வேலையாகவே எழுதி வைத்திருக்கிறது.

சரி, எழுதி வைத்தால் போதுமா? ஒரு ஜூனியர் வக்கீல் நல்ல மனதோடு அந்த அக்காவின் வழக்கை எடுக்கிறார் என்றால், ஃபீஸ் வாங்காவிட்டாலும் டைப்பிங், ஜெராக்ஸ், வாய்தாவுக்கு வாய்தா போகும் அரை நாள் எல்லாம் அவர் தலையில்தான் விழும், அதுவும் குடும்ப வழக்கே பார்த்திராதவர் என்றால் சந்தேகத்தை யாரிடம் கேட்பார்? வழக்கறிஞர் சங்கம் தேவைப்படும் இடம் இதுதான். ஒரு சீனியரைத் துணைக்குச் சேர்த்துவிடலாம், நூலகத்தைத் திறந்துவிடலாம், அவர் வர முடியாத நாளில் இன்னொருவரை ஆஜராக வைக்கலாம். சட்ட உதவி முகாம்கள் நடத்துவது நல்லதுதான், ஆனால் முகாம் முடிந்த பிறகு அந்த வழக்கு தீர்ப்பு வரை போவதற்கு ஆள் போடுவதுதான் அதைவிடப் பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது விதி, அதனால் உதவ நினைப்பவர் யார் என்று அந்த அக்காவுக்குத் தெரிய வழியே இல்லை. நடுவில் ஒரு வாசல் வேண்டும்.

(காட்சி: திரையில் பெரிதாக 15100)

அந்த வாசல்களில் ஒன்று, உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் தமிழ்நாடு மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987-ல் வந்து 1995-ல் நடைமுறையான சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி இயங்குகிறது. இங்கே நியமிக்கப்படும் வக்கீல்களுக்கு ஆணைக்குழுவே மதிப்பூதியம் கொடுத்துவிடும், உங்களிடம் அவர்கள் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் தயங்காமல் ஆணைக்குழுவிடமே புகார் சொல்லுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் வருமான வரம்பே கிடையாது. அப்படியென்றால் நம்ம அக்கா வருமானச் சான்றிதழுக்காக அலையவே வேண்டாம்!

போக முடியவில்லையா, 15100-க்கு போன் பண்ணுங்கள், கட்டணம் இல்லை. நேரில் போகிறவர்கள் ஆதார், கையில் இருக்கும் நோட்டீஸ், பழைய வழக்குக் காகிதம் எதுவாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னாலும் போதும், அங்கே எழுதிக்கொள்வார்கள்.