நூறு ரூபாய் விண்ணப்பமும் பத்தொன்பதரை வயதும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பள்ளியின் என்.சி.சி.யையும் நானே பார்த்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் மிலிட்டரிக்காரர் இல்லாத தெருவைக் காண்பது அபூர்வம். ஆள்சேர்ப்பு முகாமில் 1,600 மீட்டரை எத்தனை நிமிஷத்தில் ஓடி முடிக்க வேண்டும் என்று கேட்டால் ஏழாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லிவிடுவான். அதே தெருவில், "அதிகாரியாகச் சேர என்ன வழி?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைங்களுக்கு சார்" என்பார்கள்.

ஒருநாள் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையன் பி.எஸ்சி. முடித்திருந்தான். "சார், புனேயில காலேஜ் படிப்பும் கொடுத்து ஆபீசராவும் ஆக்குறாங்களாமே, அதுக்கு அப்ளிகேஷன் போடணும்" என்றார். பையனுக்கு அப்போது இருபத்தோரு வயது, அதில் சேரும் வயது தாண்டிவிட்டது. இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்த மனிதருக்கே இந்தச் செய்தி அவ்வளவு தாமதமாகத்தான் எட்டியிருக்கிறது.

அவர் சொன்ன இடம் புனேவை அடுத்த கடக்வாஸ்லா. அங்கேதான் தேசிய பாதுகாப்பு அகாடமி இருக்கிறது, எல்லோரும் என்.டி.ஏ. என்பார்கள். 1955 ஜனவரியில் திறக்கப்பட்டது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் போகும் பிள்ளைகள் மூன்று வருஷம் ஒன்றாகப் படிக்கிறார்கள். பட்டம் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தினுடையது. படிப்பு, சாப்பாடு, தங்கும் இடம், சீருடை, புத்தகம், வைத்தியம் எல்லாம் அரசின் செலவு. கைச்செலவுக்கும் சேரும்போது ஆகும் சில்லறைச் செலவுகளுக்கும் மட்டும் வீட்டில் கொஞ்சம் பணம் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு படையைப் பொறுத்து ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ அந்தந்தப் படையின் அகாடமியில் பயிற்சி. அப்போது மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. ககன்யான் விண்வெளிப் பயணத்துக்குத் தேர்வான குரூப் கேப்டன் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர், இந்தக் கடக்வாஸ்லாவில் படித்தவர்தான்.

பயிற்சி தொடங்கும் சமயத்தில் வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவானாலும் சரி. மற்ற இரண்டுக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். கட்டணம் நூறு ரூபாய். பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் கிடையாது.

விண்ணப்பம், இதற்கான தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி. என்ற மத்தியத் தேர்வாணையத்தின் இணையதளத்தில். இதில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக நீண்டு நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். ஆதார் வேறு மாதிரி இருந்தால் அதை முன்கூட்டியே திருத்திவிடுங்கள். பிறந்த தேதிக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் கணக்கு. தேர்வு மையத்தை முதலில் விண்ணப்பிப்பவருக்கு முதலில் ஒதுக்குவார்கள். மதுரைக்காரர் கடைசி நாள்வரை காத்திருந்தால் வெளியூருக்கு ரயில் ஏற வேண்டிவரும்.

எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண்ணுக்கு. கணக்கு 300, ஆங்கிலமும் பொது அறிவும் சேர்ந்து 600. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே, தமிழில் இல்லை. இது எனக்கு இன்னும் குறைதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். கடந்த சில வருஷங்களில் 900க்கு முந்நூறு, முந்நூற்றைம்பது எடுத்தவர்களே எழுத்துத் தேர்வில் தேறியிருக்கிறார்கள். தப்பான பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். அதனால் தெரியாத கேள்வியை விட்டுவிடத் தெரிந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தது எஸ்.எஸ்.பி. என்னும் ஐந்து நாள் தேர்வு. அதற்கும் 900 மதிப்பெண். நம் பிள்ளைகள் அதிகம் திரும்பிவருவது இங்கிருந்துதான்.

முதல் நாளே பாதிக்கு மேல் அனுப்பிவிடுவார்கள். மங்கலான ஒரு படத்தை முப்பது வினாடி காட்டுவார்கள். நாலு நிமிஷத்தில் அதை வைத்து ஒரு கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லிப் பேச வேண்டும். குடியாத்தம் பக்கத்து மாணவன் ஒருவன், அப்பா தறி ஓட்டுபவர். எழுத்தில் நல்ல மதிப்பெண். எஸ்.எஸ்.பி.யில் முதல் நாள் சாயங்காலமே பெட்டியோடு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டான். "சார், கதை மனசுல இருந்துச்சு. மத்தவங்க இங்கிலீஷ்ல பேசுற வேகத்துல வாயே திறக்கல" என்றான்.

அவனுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று. தினமும் சாயங்காலம் அப்பா தறி ஓட்டும்போது பக்கத்தில் நின்று ஆங்கிலப் பேப்பரைச் சத்தம் போட்டுப் படி, தறிச் சத்தத்தை மீறி அப்பா காதில் விழ வேண்டும். ஆறு மாதம் படித்தான். "எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா நல்லாக் கேக்குது" என்பாராம் அப்பா. இரண்டாம் முறை ஐந்து நாளும் இருந்துவிட்டு வந்தான். இலக்கணத்தில் தடுமாறியதாகத்தான் சொன்னான். அங்கே இலக்கணத்துக்கு மார்க் கிடையாது.

பின்னே எதற்கு மார்க்? மனோதத்துவ நிபுணர் ஒருவர் பிள்ளை எழுதியதை மட்டும் படிக்கிறார். மைதானத்தில் குழுவோடு மரப்பலகையும் கயிறும் வைத்துத் தடை தாண்டுவதை இன்னொரு அதிகாரி பார்க்கிறார். மூன்றாமவர் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுகிறார். மூவரும் தனித்தனியே மதிப்பிட்டு, கடைசி நாள்தான் ஒன்றுகூடுகிறார்கள். நம் பெரியவர்கள் மனம், மொழி, மெய் என்பார்களே, அந்த மூன்றும் ஒத்துப்போகிறதா என்பதே சோதனை. அறுபது சொற்கள் திரையில் வரும், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து வினாடிக்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பயிற்சி நிலையத்தில் மனப்பாடம் செய்த வீர வசனங்களை எழுதிவிட்டு, மைதானத்தில் பலகையைத் தூக்க ஒதுங்கி நின்றால் தெரிந்துவிடாதா? பணம் கட்டிப் பயிற்சிக்குப் போவதைவிட, ஊர்த் திருவிழாவில் பந்தல் போடும் கூட்டத்தோடு நாலு நாள் நின்றால் போதும் என்பது என் கட்சி. சிலர் ஒத்துக்கொள்வதில்லை, போகட்டும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு செய்தி. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு பெண்களும் இந்தத் தேர்வை எழுதுகிறார்கள். முதல் அணியில் சேர்ந்த 19 பேரில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

இலவசம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டாம். சேரும்போது பெற்றோர் ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை தானாக நடுவில் விலகினால் செலவைத் திருப்பிக் கேட்பார்கள். பயிற்சியும் கடுமையானது. காயம்பட்டு, ஊனத்தோடு வெளியேற்றப்பட்ட பிள்ளைகளின் நிலையை 2025இல் உச்ச நீதிமன்றமே தானாக விசாரணைக்கு எடுத்தது. இதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். கண்பார்வையையும் நிறக்குருட்டையும் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரியில் இப்போதே பார்த்துவிடுங்கள். ஐந்து நாளையும் தாண்டிய பிறகு மருத்துவப் பரிசோதனையில் அது தெரியவந்து அழுத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தறிக்காரர் மகனைப் பற்றிக் கேட்பீர்கள். எஸ்.எஸ்.பி.யில் தேறினான், தகுதிப் பட்டியலில் பெயர் வரவில்லை. ஒரு தேர்வுக்குச் சுமார் 400 இடம்தான். வயதும் தாண்டிவிட்டது. கல்லூரி முடித்து, பட்டதாரிகளுக்கான சி.டி.எஸ். தேர்வு எழுதி, பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர்ந்தான். அவன் அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ரொட்டியே போட்டுடுவாங்களா சார், சோறும் உண்டா?"

சோறும் உண்டு. ஏப்ரல் தேர்வுக்கான அறிவிப்பு வழக்கமாக டிசம்பரிலும், செப்டம்பர் தேர்வுக்கானது மே மாதத்திலும் வரும். வணக்கம்.