1946இல் பிறந்த மார்ட்டின், வயிற்றுக்குள் ஒரு பொய்

வணக்கம் மக்களே. என் மடியில் இருக்கிற கிட்டார் என்னுடையது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் டி-28. நியூஜெர்சியில் நம் சேனல் பார்க்கிற அண்ணன் ஒருவர், “தம்பி, இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று சொல்லி விலை வைத்திருக்கிறார்கள், வாங்கலாமா?” என்று கேட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். விற்பவர் மூன்று நாள் அவகாசம் கொடுத்திருக்கிறாராம். அவர் யார் என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

மார்ட்டின் கம்பெனியின் ஊர் பென்சில்வேனியாவில் இருக்கிற நாசரேத். நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் இல்லை! 1898இலிருந்து அவர்கள் கிட்டார்களுக்கு வரிசை எண் போடுகிறார்கள். சவுண்ட்ஹோலுக்குள், அதாவது முன்பலகையில் இருக்கிற வட்டத் துளைக்குள் எட்டிப் பாருங்கள், நெக் (கழுத்து) வந்து சேருகிற கட்டையில் அடித்திருக்கும். 1945 முடிந்தது 93623இல், 1946 முடிந்தது 98158இல். இதில் இருப்பது 96 ஆயிரத்துச் சொச்சம். ஆக, இது 1946.

போருக்கு முந்தையது என்ற பேச்சு இங்கேயே முடிந்திருக்க வேண்டும். விற்பவர் விடவில்லை. “எண் கிடக்கட்டும், ஓரத்தில் ஹெர்ரிங்போன் இருக்கிறது, உள்ளே ஸ்காலப் செய்த பிரேஸ் இருக்கிறது, எல்லாம் போருக்கு முந்தைய வேலைதானே” என்கிறாராம்.

ஹெர்ரிங்போன் என்றால் முன்பலகையின் விளிம்பில் மீன்முள் மாதிரி ஓடுகிற இந்தக் கறுப்பு வெள்ளை இழை. ஜெர்மனியிலிருந்து வந்த சரக்கு. போரில் வரத்து நின்றுபோக, கையிருப்பை வைத்தே ஓட்டினார்கள். 1947 தொடக்கத்தோடு அது தீர்ந்தது. அதனால் 1946 கிட்டாரில் இது இருப்பது சரிதான். ஆனால் போருக்கு முந்தையது என்பதற்கு இது சாட்சி ஆகாது.

இப்போது பிரேஸ். பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியையும் லைட்டையும் உள்ளே விடுகிறேன், பாருங்கள். முன்பலகையை அடியில் தாங்குகிற எக்ஸ் வடிவக் கட்டைகள் தெரிகிறதா? இவைதான் பிரேஸ். பழைய மார்ட்டினில் இவற்றைப் பள்ளமாகச் செதுக்கியிருப்பார்கள், அதுதான் ஸ்காலப். பலகை நன்றாக அதிரும், பேஸ் திறந்து வரும். ஆனால் ஆட்கள் கனமான ஸ்டிரிங்கை மாட்டி, பலகை உப்பி, ரிப்பேருக்குத் திரும்பி வர ஆரம்பித்தன. 1944 கடைசியில் செதுக்குவதையே நிறுத்திவிட்டார்கள். அப்படியென்றால் 1946 கிட்டாருக்குள் பள்ளம் எங்கிருந்து வந்தது?

யாரோ பிற்பாடு சவுண்ட்ஹோல் வழியாகக் கையை விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். கட்டையின் மேல்பக்கம் எண்பது வருஷப் பழுப்பு, பள்ளத்தில் மட்டும் மரம் வெளுப்பு. உளி பட்ட தடம் படிப்படியாகத் தெரிகிறது. கை எட்டுகிற இடத்தில் வளைவு ஒழுங்காக இருக்கிறது, எட்டாத மூலையில் அவசரம். நன்றாக ஒலிக்கத்தான் இப்படிச் செய்வார்கள், இதுவும் நன்றாகத்தான் ஒலிக்கிறது. எனக்கு அதில் கோபமில்லை. செதுக்கியதைச் சொல்லாமல் போருக்கு முந்தைய விலை கேட்பதுதான் எரிச்சல்.

அப்புறம் ஒரு காந்த விளையாட்டு. போர்க்காலத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு, நெக்குக்குள் எஃகுப் பட்டைக்குப் பதில் கருங்காலி வைத்தார்கள். போர் முடிந்ததும் எஃகு திரும்பியது. ஸ்டிரிங்கைக் கழற்றிவிட்டு, நெக்கின் குறுக்கே ஓடுகிற உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளுக்கு நடுவே காந்தத்தை வைக்கிறேன்... இழுக்கிறது. ஃப்ரெட் நிக்கல் சில்வர், அது காந்தத்தில் ஒட்டாது. ஆக, உள்ளே எஃகு இருக்கிறது. 1946க்குப் பொருத்தம்.

டியூனிங் கீ மாற்றியது. இது குரோவர் ரோட்டோமாட்டிக், 1950களின் கடைசியில்தான் மார்ட்டினுக்கு வந்தது. பின்னால் பழைய திருகுத் துளைகள் தெரிகின்றன. கீ மாற்றுவதை நான் சைக்கிளுக்கு டயர் மாற்றுவது மாதிரிதான் பார்ப்பேன். ஆனால் ரோட்டோமாட்டிக் தண்டு தடிமன், துளையைப் பெரிதாக்கித்தான் மாட்ட முடியும். போன மரம் போனதுதான்.

பின்பலகை பிரேசில் ரோஸ்வுட். 1969இல்தான் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது, அதாவது நம் ஊர் ஈட்டி மரம், தோதகத்தி. அண்ணனுக்கு இதைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகிற ஆசையும் இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் 1992இலிருந்து சைட்டிஸ் (அழிகிற உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற உலக ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது, காகிதம் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள் அண்ணே.

விலை? ஹெர்ரிங்போன் போட்ட 1946 டி-28க்கு என்ன போகுமோ அங்கிருந்து ஆரம்பியுங்கள், பிரேஸுக்கும் கீக்கும் கழியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கண்ணாடிப் படங்களையும் அனுப்பிவிட்டேன். விற்பவர் நாளைக்குப் போன் செய்கிறாராம். அதுவரை கிட்டார் என்னிடம்தான், லைட் கேஜ் (மெல்லிய) ஸ்டிரிங் மாட்டி ஒரு ராத்திரி வாசித்துக்கொள்கிறேன்.