மண்ணெண்ணெயில் ஓடும் மேக்! கிளிநொச்சியில் ஓட்டிக் காட்டுகிறோம்

[திரையில்: பக்கத் தகடு கழற்றிய ஒரு கறுப்புப் பெட்டி. மொனிட்டரில் வெள்ளை அப்பிள் சின்னம், அதன் கீழே மெல்ல நிரம்புகிற கோடு.]

இந்தப் பெட்டிக்குள் அப்பிள் கம்பனி செய்த ஓர் ஆணிகூட இல்லை. மதர்போர்ட் ஒருவருடையது, கிராபிக்ஸ் கார்ட் இன்னொருவருடையது, பவர் சப்ளை ஒரு கடையின் பின்பக்கத்தில் தூசி மூடிக் கிடந்தது. முன்மூடியில் தெரிகிற பல் அடையாளம் எங்கள் வீட்டு நாயினுடையது. ஆனால் திரையைப் பாருங்கள். 'இந்த மேக் பற்றி' என்பதை அழுத்துகிறேன். தான் 2019ஆம் ஆண்டு 27 அங்குல ஐமேக் என்று இந்தப் பெட்டி கூசாமல் சொல்கிறது.

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் இருந்து கதைக்கிறேன். கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று வீடியோ எடிட் பண்ணுவது என் தொழில். இந்தச் சனல் சோறு போடாத பொழுதுபோக்கு, அதனால் சப்ஸ்கிரைப் பண்ணிவிட்டுப் பாருங்கள், காசா பணமா.

மேக் என்பது அப்பிள் செய்கிற கொம்பியூட்டர், அதை ஓட்டுகிற மென்பொருள் மேக் ஓஎஸ். அப்பிள் செய்யாத கொம்பியூட்டரில் மேக் ஓஎஸ்ஸை ஏற்றினால் அதற்குப் பெயர் ஹாக்கின்டோஷ். வரலாறு அரை நிமிடத்தில்: 2005 ஜூனில் ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையேறி, மேக் இனி இன்டெல் சிப்புக்கு மாறும் என்றார். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக்குகள் வந்தன. நம் வீட்டு விண்டோஸ் பெட்டியிலும் அதே இனத்துச் சிப். பிறகு ஏன் இங்கே ஓடாது என்று உலகம் முழுவதும் பெடியள் இறங்கினார்கள். வரலாறு முடிந்தது, மண்ணெண்ணெய்க்கு வருவோம்.

தலைப்பு என்னுடையது இல்லை, மாமாவுடையது. போன மாதம் வட்டக்கச்சியில் இருந்து வந்தவர், நான் நிலத்தில் பாகங்களைப் பரப்பி வைத்திருப்பதைக் கண்டு என்ன என்று கேட்டார். விளங்கப்படுத்த வெளிக்கிட்டேன். பாதியில் மறித்துவிட்டார். "இதைத்தானேடா மருமோன் நாங்கள் எம்டி 90க்குச் செய்தனாங்கள்!"

வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எம்டி 90 ஒரு மோட்டார் சைக்கிள். 1990களில் போர்க்காலம், எங்கள் வன்னிப் பகுதிக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் வன்னிக்குள் வருவது அருமை, வந்தாலும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பற்றரிக்கும் தடை, ரேடியோ கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிய காலம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. பெற்றோல் சும்மா இருந்தாலே ஆவியாகிவிடும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். எஞ்சின் ஓடினால்தான் சூடு, சூடு இருந்தால்தான் எஞ்சின் ஓடும். என்ன செய்வது?

மாமா கையால் செய்து காட்டினார். ஒரு சின்னப் போத்தலில் நாலு விரற்கடை பெற்றோல், சேலைன் குழாய் ஒரு துண்டு. உதைக்கிறதுக்கு முன்னம் காபரேட்டருக்குள் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. உதை. எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அது சூடாகிற அந்த ஒரு நிமிடத்துக்குள் டாங்கியில் இருக்கிற மண்ணெண்ணெயைத் திறந்துவிட வேண்டும். பின்னால் வெள்ளைப் புகை, ஊர் முழுக்க மணம், ஆனால் பரந்தன் வரைக்கும் போய்த் திரும்பும். "எஞ்சினுக்குத் தான் குடிக்கிறது என்னெண்டே தெரியாது. முதல் துளி பெற்றோல், அவ்வளவுதான் அதுக்கு வேணும்."

உறவுகளே, ஓபன்கோர் என்பது அந்தச் சேலைன் குழாய்தான். நான் எழுதி வைத்திருந்த விளக்கத்தை அழித்துவிட்டேன், இதைவிட வடிவாகச் சொல்ல எனக்கு வராது.

[திரையில்: பென்டிரைவுக்குள் 'ஈஎஃப்ஐ' என்ற ஒரேயொரு கோப்புறை.]

ஓபன்கோர் 2019இல் வந்த பூட்லோடர், அதாவது ஓஎஸ்ஸை எழுப்பிவிடுகிற சின்ன நிரல். அதற்கு முன்னர் கமீலியன், குளோவர் என்று இருந்தன. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் பயோஸ், அதாவது மதர்போர்டின் சொந்த நிரல் எழும்பும், அதற்கு அடுத்தது இதுதான். மேக் ஓஎஸ் கண் விழிக்கிறதுக்கு முன்னம் வீட்டை ஒழுங்குபடுத்திவிடும்: மதர்போர்டின் விபர அட்டவணைகளைத் திருத்தும், 'நான் ஐமேக்' என்று பொய்ப் பெயர் எழுதி மாட்டும், இல்லாத டிரைவர்களைக் கையில் கொடுக்கும். மேக் ஓஎஸ் எழும்பிப் பார்க்கிறபோது எல்லாம் அப்பிள் வீடு மாதிரியே இருக்கும். சூடு ஏறியதும் அதுபாட்டுக்கு ஓடும். மேக் ஓஎஸ்ஸின் கோப்புகளை நாம் தொடுவதில்லை, இதுதான் இதன் அழகு. முந்திய காலத்தில் ஓஎஸ்ஸையே வெட்டிக் கொத்தி டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார்கள். அது எஞ்சினைப் பிரித்துப்போட்டு மண்ணெண்ணெய்க்குப் பழக்குகிற வேலை.

இப்போது எனக்கு ஆகப் பிடித்த இடம். இதற்காகத்தான் இந்த வீடியோவே.

உண்மையான இன்டெல் மேக்கில் எஸ்எம்சி என்று ஒரு சின்னச் சிப் இருக்கும். காற்றாடி வேகம், சூடு எல்லாம் அதன் பொறுப்பு. அதற்குள் அப்பிள் ஒரு சாவியையும் ஒளித்து வைத்தது. மேக் ஓஎஸ்ஸின் சில முக்கியமான நிரல்கள் பூட்டித்தான் இருக்கும், அந்தச் சாவி கிடைத்தால்தான் திறக்கும். சாவி 64 எழுத்து. ஏதோ சிக்கலான கணக்கு என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அது ஓர் ஆங்கில வாக்கியம். இடைவெளி விடாமல் எழுதியிருக்கிறார்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "எங்கள் கடும் உழைப்பை இந்தச் சொற்களே காக்கின்றன, தயவுசெய்து திருடாதீர்கள்." கடைசியில் பதிப்புரிமை அடையாளமும் கம்பனிப் பெயரும்.

மாமரத்தைச் சுற்றி வேலி போட்டு, படலைக்குப் பூட்டும் போட்டு, அந்தப் பூட்டின் சாவியில் 'மாங்காய் களவெடுக்காதேங்கோ' என்று செதுக்கி வைத்தது மாதிரி. திறக்க வேண்டுமானால் அந்தக் கெஞ்சலை நீங்களே ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டும். வக்கீல் மூளையா புலவர் மூளையா, எனக்கு இன்னும் தெரியவில்லை. ஹாக்கின்டோஷில் வேர்ச்சுவல்எஸ்எம்சி என்ற சின்ன நிரல் அந்தச் சிப்பாக நடித்து, ஒவ்வொரு முறையும் இந்த வாக்கியத்தை ஒப்புவிக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று தரம் கரண்ட் போனால் மூன்று தரம் "திருடாதீர்கள்".

சரி, சாமான் பட்டியல். கெதியாகச் சொல்கிறேன். என்னுடையது எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 சிப், ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 கார்ட், 16 ஜிபி ரம், தனியாக ஓர் எஸ்எஸ்டி. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கிராபிக்ஸ் கார்ட். ஆர்எக்ஸ் 580இன் இனத்தை அப்பிளே தன் மேக்குகளில் போட்டது, அதனால் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050, 1060 வைத்திருக்கிற தம்பிமாரே, மன்னியுங்கள், 2018இல் வந்த மொஹாவி என்ற மேக் ஓஎஸ் பதிப்போடு உங்கள் கதவு மூடிவிட்டது. ஆர்டிஎக்ஸுக்குக் கதவு திறந்ததே இல்லை. கார்ட் இல்லாமல் இன்டெல் சிப்பின் உள் கிராபிக்ஸை நம்புகிறீர்கள் என்றால் பத்தாம் தலைமுறையோடு நில்லுங்கள்.

பயோஸில், மேக் ஓஎஸ் எழும்புவதை மறிக்கிற 'செக்யூர் பூட்', 'சிஎஃப்ஜி லொக்' என்ற இரண்டு அமைப்புகளையும் நிறுத்தினேன். அது இரண்டு நிமிட வேலை. அடுத்தது இரண்டு இரவு வேலை.

[திரையில்: போன் கமராவில் எடுத்த மங்கல் படம். வெள்ளை எழுத்து மழைபோல் ஓடுகிறது, பிறகு நிற்கிறது.]

சோளகம் அடிக்கிற காலம். பகலில் புழுதி, இரவில் வெக்கை. பென்டிரைவில் சின்ன மீட்புப் பிரதியை மட்டும் போட்டால், மிச்சம் 12 ஜிபி அளவில் இணையத்தில் இருந்து இறங்கும். பகல் டேட்டாவில் அதை இறக்கினால் வீட்டில் சமையல் நிற்கும், அதனால் இரவு டேட்டா தொடங்கும்வரை காத்திருந்தேன். நடுச்சாமம் தாண்டியாயிற்று. எழுத்து ஓடுகிறது, ஓடுகிறது, திடீரென்று நின்றது. திரை நடுவில் வட்டம், குறுக்கே கோடு. வீதியில் 'உள்ளே வராதே' என்று போட்டிருப்பார்களே, அதே மாதிரி. மேலே ஒரு வரி: மூலச் சாதனத்துக்காக இன்னும் காத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

பென்டிரைவ் பழுது என்று நினைத்தேன். வேறொன்று மாற்றினேன். அதே வட்டம். மதர்போர்ட் விற்றவரை மனதுக்குள் திட்டினேன். பிழை அவருடையது இல்லை.

விசயம் இதுதான். மேக் ஓஎஸ் ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலருக்கு, அதாவது யூஎஸ்பி ஓட்டைகளை ஆளுகிற சிப்புக்கு, 15 போர்ட்டுக்கு மேல் எண்ணாது. 2015இல் வந்த எல் கப்பித்தான் பதிப்பில் இருந்து இந்தக் கட்டுப்பாடு. என் பெட்டியில் 15 ஓட்டை எங்கே இருக்கிறது, பத்துத்தானே என்று கேட்டேன். அங்கேதான் பிடி. நீல நிற யூஎஸ்பி 3 ஓட்டை ஒன்று என்றால் அதை இரண்டாக எண்ணும். உள்ளே வேகம் குறைந்த பாதை ஒன்று, வேகம் கூடியது ஒன்று. முல்லைத்தீவு பஸ்ஸில் மடியில் கொள்ளாத பலாப்பழத்தோடு ஏறுகிற அம்மம்மா மாதிரி, ஆள் ஒன்று, சீட் இரண்டு. என் பெட்டியில் நீலம் 6, அது 12. கறுப்பு 4. மொத்தம் 16. எண்ணுகிறபோது வேகம் குறைந்த பாதைகள் எல்லாம் முதலில் சீட் பிடித்துவிடும், வேகம் கூடியவை கடைசி. நான் பென்டிரைவைக் குத்தியிருந்தது கடைசி நீல ஓட்டையில்.

அப்படியென்றால் தொடக்கத்தில் எப்படி எழுத்து ஓடியது? அப்போது பென்டிரைவைப் படித்தது மதர்போர்டின் சொந்தப் பயோஸ். பயோஸுக்கு 15 கணக்குக் கிடையாது. பொறுப்பு மேக் ஓஎஸ்ஸின் கைக்கு மாறிய அந்தக் கணத்தில், தான் எந்த ஓட்டையில் இருந்து எழும்பியதோ அந்த ஓட்டையே அதற்குத் தெரியாமல் போய்விட்டது. பென்டிரைவைக் கழற்றிக் கறுப்பு ஓட்டையில் குத்தினேன். போய்விட்டது, ஐயா. இரண்டு இரவு, ஒரு ஓட்டை. விடிய ஐந்தரைக்குக் கோயில் மணி அடிக்கிறது, மேக் ஓஎஸ் வென்சுரா என்னிடம் எந்த நாடு என்று கேட்கிறது. பட்டியலில் இறங்கி இறங்கி இலங்கையைத் தேடினேன், கண் எரிந்தது.

பிறகு ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திப் பார்த்து, கொப்பியில் எழுதி, தேவையில்லாததை மூடினேன். அதற்கு யூஎஸ்பி மேப்பிங் என்று பெயர். ஓட்டை எண்ணுவதற்கு அக்காவின் மகளைக் கூப்பிட்டேன், சம்பளம் ஒரு ஐஸ்கிரீம். சத்தம் வர ஓபன்கோரில் ஓர் எண்ணைப் போட வேண்டும். 1, 2, 3, 5 என்று மாற்றி மாற்றி 7இல் வந்தது. அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கொமன்டில் கட்டாயம் கேட்பீர்கள். மேக் ஓஎஸ்ஸின் உரிம ஒப்பந்தம், அப்பிள் பெயர் பொறித்த கொம்பியூட்டரில் மட்டும்தான் போடலாம் என்கிறது. நான் செய்தது அதை மீறிய வேலை, பூசி மெழுகவில்லை. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற கம்பனி இப்படிப் பெட்டி செய்து விற்றது. 2008இல் அப்பிள் வழக்குப் போட்டது, 2009இல் வென்றது. ஆகவே 'அண்ணை, செய்து தாங்கோ, காசு தாறம்' என்று மெசேஜ் போடாதீர்கள்.

காசுக்கு ஏன் செய்யமாட்டேன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சாமத்திய வீட்டு வீடியோ கொடுக்க வேண்டிய முதல் நாள், வென்சுராவில் இருந்து அடுத்த பதிப்பான சொனோமாவுக்கு அப்டேட் கேட்டது. அழுத்திவிட்டேன். ஓபன்கோரையும் துணை நிரல்களையும் முதலில் புதுப்பிக்க வேண்டும் என்பதை மறந்துபோனேன். கறுப்புத் திரை. பிள்ளை ஊஞ்சலில் இருக்கிற காட்சி அந்த எஸ்எஸ்டிக்குள், திறக்க வழியில்லை. நல்லகாலம், கமரா கார்டை அழிக்கவில்லை. விண்டோஸில் முதலில் இருந்து வெட்டி முடித்தபோது விடிந்துவிட்டது. இதைக் கேட்டு மாமா சிரித்தார். மண்ணெண்ணெயில் ஓடினால் பிளக் கரி பிடிக்குமாம், பத்து மைலுக்கு ஒருக்கால் கழற்றித் துடைக்காமல் கலியாண வீட்டுக்கு வெளிக்கிடக் கூடாதாம்.

இப்போது கசப்பான செய்தி. 2020இல் அப்பிள் இன்டெலை விட்டு, வேறு இனமான தன் சொந்தச் சிப்புக்கு மாறத் தொடங்கியது. 2023 ஜூனில் கடைசி இன்டெல் மேக்கும் விற்பனையில் இருந்து போனது. 2025 செப்டம்பரில் வந்த டஹோதான் இன்டெலுக்கான கடைசி மேக் ஓஎஸ் என்று அப்பிளே சொல்லிவிட்டது. இவ்வளவு காலமும் வேறு எண்ணெயாவது வந்தது, இனி வருவது கரண்ட். எம்டி 90 டாங்கிக்குள் கரண்டை ஊற்ற முடியாது.

ஆகவே இதற்கென்று புதிதாக ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். எட்டில் இருந்து பத்தாம் தலைமுறைப் பெட்டியும் சரியான ஏஎம்டி கார்டும் வீட்டில் சும்மா கிடந்தால், தனி எஸ்எஸ்டியில், வேலை இல்லாத வாரத்தில் செய்து பாருங்கள். ஒரு கொம்பியூட்டர் எப்படி எழும்புகிறது என்பதை நான் படித்தது இந்த இரண்டு இரவில்தான். தொழிலுக்கு மேக் வேண்டுமென்றால் அப்பிளின் சொந்த எம்1 சிப் போட்ட, பாவித்த மேக் மினி ஒன்றைத் தேடுங்கள். நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

[திரையில்: வாசலில் மாமா. கக்கத்தில் உரப்பையில் சுற்றிய ஏதோ ஒன்று.]

மாமா திரும்பி வந்திருக்கிறார். உரப்பைக்குள் பழைய லப்டொப், நாலாம் தலைமுறை ஐ3. 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது, விண்டோஸ் 11 போடப் போனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை என்று தள்ளிவிடுகிறது. "இதுக்கும் ஒரு சொட்டு விடேலாதோ மருமோன்?" என்கிறார். அது அடுத்த வீடியோ. மாமா, அந்தச் சார்ஜரையும் தாருங்கள்.